மறுபடி வரவழைக்கும் முறை

கம்பெனியில் இருந்தபோது மேனேஜரின் பல் இரண்டை உடைத்தேன். கையால் இல்லை, கிரேன் ரிமோட்டால். இரும்பு உறை போட்டது, ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். நாங்கள் தயாரித்ததே அதைத்தான். கம்பி இல்லாமல், ரேடியோ சிக்னலில் கிரேனை இயக்கும் ரிமோட். அதில் சிவப்பாக ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் கிரேன் நின்றாக வேண்டும். ஓர் இடத்தில் அது நிற்கவில்லை. மேலே தொங்கிய இரும்புக் கட்டு இறங்கிக்கொண்டே வந்து, கீழே நின்றவரின் இரண்டு காலையும் நசுக்கிவிட்டது. டெஸ்டில் தேறாத மென்பொருளை, நாங்கள் கோட் என்பதை, டெலிவரி தேதிக்காக அனுப்பச் சொன்னவர் அந்த மேனேஜர். விசாரணைக் கூட்டத்தில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வேலையென்று வந்தால் இதெல்லாம் சகஜம் என்றார். அவர் வாயை மூடுவதற்குள் ரிமோட் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

வழக்குப் போட்டால் டெஸ்ட் முடிவுகளும் வெளியே வரும். அதனால் சத்தமில்லாமல் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் நியாயத்துக்காக அடித்தவள் என்று தலையை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். வந்து இரண்டு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு மாதத்தில் என் மகளை மூன்று முறை அடித்தேன்.

அதற்கு முன்னால் அடித்ததே இல்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவளுக்கு வயது பதினைந்து. மூன்றாவது முறை நான் அறைந்ததில் அவள் குளியலறைக் குழாயில் போய் விழுந்தாள். கீழுதடு கிழிந்து நான்கு தையல். அவள் என்ன செய்தாள் என்று மருத்துவர் கேட்டபோது எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. வழுக்கிவிட்டது என்று அவளே சொன்னாள். அன்று மாலையே என் கணவர் அவளைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை எதுவும் போடவில்லை. அவளுடைய புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு, போய்விட்டார்.

பத்து நாள் கழித்து மகளே போன் செய்தாள். எனக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்ததை அப்பா சொல்லியிருக்கிறார். ஒரு செமஸ்டர் எத்தனை வாரம் என்று கேட்டாள். பதினாறு என்றேன்.

"பதினாறு வாரம் யார் மேலயும் கை வைக்காம இரும்மா. நான் வந்துடுறேன்."

அவ்வளவுதான் நிபந்தனை. அதைச் சொல்லிவிட்டு, தன் கணக்கு நோட்டு அங்கே இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

எனக்குக் கொடுத்த பாடம் இறுதியாண்டுக்கான கம்பியில்லாத் தொடர்பு ஆய்வகம். அதுவரை அந்த லேபில் நடந்தது என்னவென்றால், மாணவன் ஒரு கோட் எழுதுவான், அது ஆசிரியரின் மேசையில் ஒரே ஒரு தடவை ஓடும், மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடுவான். இரண்டாவது தடவை ஓடுமா என்று யாரும் கேட்டதில்லை. கேட்பது மரியாதை இல்லை என்பதுபோல ஒரு பழக்கம். துறைத் தலைவர் பயந்த சுபாவம். தொழிற்சாலை முறையில் கற்றுக்கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, யாருக்கும் அடிபடாமல் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றார். என் பழைய கதை அவர் காதுக்கும் போயிருந்தது.

கம்பெனியில் சுவரில் மாட்டி வைத்துவிட்டு யாரும் மதிக்காத விதிகளை இங்கே மதிக்க வைப்பது என்று முடிவு செய்தேன். எவர் எழுதிய கோடும் இன்னொருவர் வரிவரியாகப் படித்து, அதாவது ரிவ்யூ செய்து, ஒப்புக்கொள்ளாமல் பொதுக் கோடில் சேரக் கூடாது. சேர்ந்த மறு நிமிடம் மூலையிலிருக்கும் கணினி தானாகவே இருநூற்றுச் சொச்சம் டெஸ்ட்களை ஓட்டும். எல்லாம் தேறினால் கதவுக்கு மேல் பச்சை விளக்கு, ஒன்று தவறினாலும் சிவப்பு. எது உடைந்தாலும் இரண்டு நாளுக்குள் பிழை அறிக்கை எழுத வேண்டும். அதில் ஆள் பெயர் வரக் கூடாது, திட்டக் கூடாது. எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, அதை மறுபடி வரவழைக்க என்ன செய்ய வேண்டும், இதே பிழை வேறெங்காவது வந்ததா, இவை மட்டும். யாருடைய பகுதியில் பிழையோ அவர் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் அதை வாசித்து, பிழையை மறுபடி நிகழ்த்திக் காட்ட வேண்டும். ஆளைத் திட்டாதே, கோடைத் திட்டு என்று நான் பலகையில் எழுதியபோது பின்வரிசையில் சிரித்தார்கள். யார் சொல்கிறார்கள் பார் என்று சிரித்திருப்பார்கள்.

லேபின் நடுவே ஒரு யந்திரம் வைத்தேன். கழித்துக் கட்டிய மோட்டார் ஒன்றில் ஒரு மீட்டர் நீள இரும்புக் கையைப் பொருத்தி, சுற்றிலும் தரையில் மஞ்சள் கோடு போட்டேன். மாணவர்களின் ரிமோட்டிலிருந்து ரேடியோவில் 'ஓடு' என்றால் அது சுழல வேண்டும். 'நில்' என்றால் கண் இமைப்பதற்குள் நிற்க வேண்டும். பக்கத்தில் ஓர் இரைச்சல் பெட்டி. அதைப் போட்டுவிட்டால் சிக்னலெல்லாம் கலங்கும், சொன்னது போய்ச் சேராது. தொழிற்சாலையில் அப்படித்தான் இருக்கும், இரைச்சலிலும் நிற்கிறதா என்பதுதான் பரீட்சை.

இரண்டாவது வாரமே ரத்தம் பார்த்தோம். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிறவன் ஒருவன் இருந்தான், அதனாலேயே முந்திரி என்று பெயர். வேலையில் கெட்டிக்காரன். அவன் கோடைப் படித்துப் பார்க்க வேண்டியவள், தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண். வகுப்பில் பூதக்கண்ணாடி என்பார்கள். கண்ணாடிக்காக மட்டும் இல்லை, அவளுடைய பார்வையில் ஒரு காற்புள்ளி தப்பாது. அவள் பதினான்கு தவறு எழுதிக் கொடுத்தாள். பதினான்காவதைப் படித்து முடித்ததும் அவன் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை எட்டி உதைத்தான். அவள் நாற்காலியோடு தரையில் விழுந்தாள், கையில் கிடைத்த, மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரோடு எழுந்தாள், அவன் புருவத்தைப் பிளந்தாள். மேசைமேல் இருந்த ஆன்டெனாக்கள் மேலெல்லாம் சொட்டியது. அதைத் துடைத்துக்கொண்டே அவன், பன்னிரண்டாவது மட்டும் தப்பு இல்லை என்று வாதாடினான்.

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கை எப்போதும் எனக்கு முன்னாலேயே கிளம்பிவிடும். அன்று அதைப் பிடித்து வைத்ததில் விரல் நகம் ஒன்று மேசையிலேயே பிய்ந்தது. அடிதடியையும் பிழை அறிக்கையாக எழுத வைத்தேன். எதிர்பார்த்தது: ரிவ்யூ. நடந்தது: ஐந்து தையல். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குப் பிறகு முந்திரி தன் கோடை அவளைத் தவிர வேறு யாரிடமும் கொடுத்ததில்லை. மற்றவர்கள் எல்லாம் சும்மா தலையாட்டுவார்களாம்.

வாரம் ஒருமுறை மகள் போன் செய்வாள். யாரையாவது அடித்தாயா என்று கேட்க மாட்டாள். இது எத்தனையாவது வாரம் என்று மட்டும் கேட்பாள். ஐந்து, எட்டு, பதினொன்று என்று நான் சொல்வேன். அவள் அறையில் புது விரிப்பு போட்டு வைத்தேன்.

பன்னிரண்டாவது வாரம் வந்தபோது ஒன்பது நாளாகத் தொடர்ந்து சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு டெஸ்ட்தான் தவறிக்கொண்டிருந்தது. 'நில்' என்ற பிறகு, இரைச்சலை நிறுத்திவிட்டு மூன்று வினாடி காத்திருந்தால், அந்த இரும்புக் கை அசையாமல் இருக்க வேண்டும். அது அசைந்தது. பதினான்காவது வாரம் வெளியிலிருந்து தேர்வாளர்கள் வரவிருந்தார்கள். முந்திரியும் பூதக்கண்ணாடியும் என் முன்னால் வந்து, இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று மென்று விழுங்கினார்கள்.

நான் முக்காலியைத் தூக்கி எறிந்தேன். அது அவர்கள் தலைக்கு மேலே போய்க் கண்ணாடி அலமாரியில் விழுந்தது. அலமாரி முழுவதும் நொறுங்கி, அந்தப் பெண்ணின் தலைமயிரில் கண்ணாடித் தூள் மின்னியது. நான் கத்தியது எனக்கே இன்னும் கேட்கிறது.

"நாளைக்குக் காலையில பச்சை எரியல, ஒவ்வொருத்தர் கையா அந்த இரும்புக்குக் கீழ வச்சு நானே டெஸ்ட் பண்றேன்."

யார்மேலும் படவில்லை. அன்றைக்கு மகள் போன் செய்தபோது அதைத்தான் பெருமையாகச் சொன்னேன், கோபம் வந்தது, ஆனால் யாரையும் தொடவில்லை என்று. என்ன உடைந்தது என்று கேட்டாள். ஓர் அலமாரிக் கண்ணாடி என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கதவுக்கு மேல் பச்சை எரிந்தது. எப்படி எரிந்தது என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடம் டெஸ்ட் செய்து பிழைத்தவள், பச்சையைப் பார்த்ததும் கேட்காமல் விட்டேன். பயமுறுத்தினால்தான் வேலை நடக்கிறது என்று மனதுக்குள் ஒரு திருப்தி வேறு.

பதினான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை, தேர்வாளர்கள் வருவதற்கு முன் ஓர் ஒத்திகை. இரைச்சல் பெட்டி அலறிக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடி 'ஓடு' அழுத்தினாள், கொஞ்சம் தாமதித்துக் கை சுழன்றது. 'நில்' அழுத்தினாள், நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். யந்திரத்தின் ஆன்டெனா சரிந்திருப்பதைப் பார்த்து அவள் மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய் அதை நிமிர்த்தினாள். நான் இரைச்சல் பெட்டியை நிறுத்தினேன்.

ஒரு வினாடி ஆகியிருக்கும். இரும்புக் கை மறுபடி சுழன்று, அவள் மணிக்கட்டை மோட்டாரின் மூடியோடு வைத்து அடித்தது. காய்ந்த குச்சியை ஒடிக்கிற சத்தம் வந்தது. நான் பாய்ந்து மெயின் சுவிட்சை இழுப்பதற்குள் அது சுற்றி வந்து இன்னொரு முறை அடித்தது. அவள் கத்தவில்லை. தன் கை போகக் கூடாத பக்கமாக மடங்கியிருப்பதை உற்றுப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்தாள். மூட்டுக்கு மேல் எலும்பின் வெள்ளை தெரிந்தது.

யாரோ துணியைச் சுற்றினார்கள், யாரோ வண்டிக்கு ஓடினார்கள். நான் நேராகக் கணினிக்குப் போனேன். அது என் குணம். மனிதர்கள் கீழே கிடக்கும்போது எனக்குக் கோடைத் திறக்கத் தோன்றும். இரண்டு நிமிடத்தில் புரிந்துவிட்டது. இரைச்சலில் 'ஓடு' போய்ச் சேர்ந்ததா என்று ரிமோட்டுக்குப் பதில் வரவில்லை. வராததை வரிசையில் வைத்திருந்து வினாடிக்கு ஒரு முறை திரும்ப அனுப்பும்படி எழுதியிருந்தார்கள். 'நில்' சொன்ன பிறகும் அந்தப் பழைய 'ஓடு' வரிசையிலேயே நின்றது. இரைச்சல் ஓய்ந்ததும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. இதைப் பிடிக்கத்தான் அந்த மூன்று வினாடி டெஸ்ட். அதை ஒருவன் அரை வினாடியாக மாற்றியிருந்தான். அரை வினாடியில் எதுவும் அசையாது, விளக்கும் பச்சையாக எரியும். மாற்றியவன் முந்திரி. கீழே, படித்தேன், சரி என்ற ஒப்புதல், நாற்பது வினாடியில். பூதக்கண்ணாடியின் ஒப்புதல்.

மேசைமேல் ஓர் ஆன்டெனா கேபிள் சுருண்டு கிடந்தது, முனையில் பித்தளைத் திருகு உள்ளது. அதை எடுத்தது நினைவிருக்கிறது. முந்திரி அந்தப் பெண்ணின் ரத்தத்தைத் தன் சட்டையால் துடைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தான், அதுவும் நினைவிருக்கிறது. முதல் அடி அவன் காதின் மேல் பட்டது. அவன் கையைத் தூக்கித் தடுத்திருக்கலாம், என்னைவிட இரண்டு மடங்கு ஆள். தடுக்கவில்லை. அதனால் இன்னும் வெறி வந்தது. எத்தனை என்று நான் எண்ணவில்லை. காது மடல் பிய்ந்து கழுத்தில் வழிந்தது. நான்கு பேர் சேர்ந்து என்னை இழுத்துச் சுவரோடு சாத்திய பிறகும் என் கை கேபிளை விடவில்லை.

அடுத்த நாள் அவனுடைய அண்ணன் வந்தான். லாரிப் பட்டறையில் மெக்கானிக். டயர் கழற்றும் இரும்பு ஸ்பேனரோடு நேராக லேபுக்குள் நுழைந்து, என் யந்திரத்தை முதலில் உடைத்தான். மோட்டார், கணினி, கதவுக்கு மேலிருந்த விளக்கு எல்லாம் போயிற்று. பிறகு என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். தோளில் ஸ்பேனர் இறங்கியபோது உள்ளே ஏதோ விலகியது தெரிந்தது.

"அம்மா இல்லாத பையன். நாங்ககூட அவனைத் தொட்டதில்ல."

அதை மட்டும்தான் சொன்னான். எனக்கு வலியைவிட அதிகமாக ஒரு நிம்மதி வந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. அடித்ததற்கு அடி வாங்கியாயிற்று, சரிக்குச் சரி, இனி யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை என்ற கேவலமான நிம்மதி.

துறைத் தலைவரும் அதே தராசைத்தான் பிடித்தார். அவர்களும் புகார் கொடுக்க மாட்டார்கள், நீங்களும் கொடுக்க வேண்டாம், அந்தப் பெண்ணின் கை விபத்து என்று போட்டுக்கொள்ளலாம், எதையும் எழுத்தில் வைக்காதீர்கள் என்றார். சரி என்றேன். உடனே சரி என்றேன். இன்னும் இரண்டே வாரம். பதினாறு என்று போனில் சொல்லிவிட்டால் மகள் வந்துவிடுவாள். தோள்பட்டை வீக்கத்துக்கு ஒரு பொய்கூடத் தயாராக வைத்திருந்தேன். வழுக்கிவிட்டது என்று சொல்வதாக இருந்தேன்.

வியாழக்கிழமை, நொறுங்கியதைக் கூட்டித் தள்ளிவிட்டு வகுப்பு எடுக்கப் போனேன். பூதக்கண்ணாடி மாவுக்கட்டோடு வந்திருந்தாள். மணிக்கட்டில் இரண்டு தகடு வைத்திருக்கிறார்களாம். எழுந்து வந்து இடது கையால் என் மேசையில் இரண்டு தாள்களை வைத்தாள். பிழை அறிக்கைகள். துறைத் தலைவர் எதுவும் எழுத வேண்டாம் என்றிருக்கிறாரே என்றேன்.

"ரெண்டு நாள் ஆச்சு மேடம். ரெண்டு நாள்ல எழுதணும்னு நீங்கதான் சொன்னீங்க."

முதல் தாள் யந்திரத்தைப் பற்றியது. அதை முந்திரி எழுந்து வாசித்தான், காதோடு சேர்த்துத் தலையில் கட்டு. 'நில்' வந்ததும் வரிசையைக் காலி செய்யாதது பிழை. டெஸ்ட் அதைப் பிடிக்காததற்குக் காரணம், காத்திருக்கும் நேரம் குறைக்கப்பட்டது. குறைத்ததற்குக் காரணம், மறுநாள் காலைக்குள் பச்சை எரிய வேண்டியிருந்தது. குறைத்ததை ரிவ்யூவில் பிடிக்காததற்குக் காரணம், படித்துப் பார்க்காமல் ஒப்புதல் கொடுக்கப்பட்டது. படிக்காததற்குக் காரணம், படித்தால் மறுக்க வேண்டியிருக்கும், மறுத்தால் சிவப்பு எரியும், சிவப்பு எரிந்தால் என்ன நடக்கும் என்ற பயம். பயத்துக்குக் காரணம் இரண்டாவது அறிக்கையில், என்று முடித்துவிட்டு உட்கார்ந்தான்.

இரண்டாவது என் பகுதி. விதிப்படி நான்தான் வாசிக்க வேண்டும். வாசிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், தாளைக் கிழித்திருக்கலாம், துறைத் தலைவர் எனக்குத்தான் துணை நின்றிருப்பார். முப்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவர் முகத்திலும் கோபம் இல்லை. ஒரு டெஸ்ட் ஓடி முடிவதற்குக் காத்திருக்கும்போது எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தார்கள். வாசித்தேன்.

எதிர்பார்த்தது: பிழை கண்டால் பிழையைப் பற்றிப் பேச்சு. நடந்தது: முக்காலி ஒரு முறை, கேபிள் ஆறு முறை. மறுபடி வரவழைக்கும் முறை: வேலை தாமதம் என்று சொல்லவும், அல்லது தவறு செய்யவும், அல்லது தவறு செய்துவிட்டு எதிர்க்காமல் இருக்கவும். எங்கும் என் பெயர் இல்லை. ஒரு வசவு இல்லை. நான் கற்றுக்கொடுத்ததை இவ்வளவு சுத்தமாக யாரும் செய்ததில்லை. ஆறு என்ற இடத்தில் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். முடித்ததும், பிழைக்குச் சொந்தக்காரர் அதை எல்லார் முன்னாலும் மறுபடி நிகழ்த்திக் காட்ட வேண்டும் என்ற விதியை யாராவது கேட்பார்களோ என்று பார்த்தேன். முந்திரி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான்.

"இதை மறுபடி காட்ட வேணாம் மேடம். பார்த்தாச்சு."

ஒருவரும் சிரிக்கவில்லை. தாளில் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. இதே பிழை வேறெங்காவது வந்ததா. அதை நிரப்பத் தெரிந்தவர் அந்த வகுப்பில் நான் ஒருத்திதான். கம்பெனி என்று எழுதினேன். அடுத்து அதன் கீழே வீடு என்று எழுதப் பேனாவைக் கொண்டுபோனேன், ஆனால் அதை எழுத வேண்டியது நான் இல்லை என்று தோன்றியது.

இரண்டு தாளுக்கும் நகல் எடுத்துத் துறைத் தலைவரின் மேசையில் வைத்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இது எழுத்தில் வந்துவிட்டால் உங்கள் வேலையை நான் காப்பாற்ற முடியாது என்றார். தெரியும் என்று சொல்லிவிட்டு, மூலத்தைப் பையில் போட்டுக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனேன்.

சாயங்காலம் ஐந்து மணி. கதவைத் திறந்த நாத்தனார் என் முகத்தையும், தொங்கிய தோளையும் பார்த்துவிட்டு வழிவிட்டார். என் கணவர் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றார். மகள் சாப்பாட்டு மேசையில் புத்தகம் விரித்திருந்தாள். உதட்டில் தையல் போட்ட இடம் வெளிறிய கோடாக இருந்தது. என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. அவள் உடம்பே செய்தது.

நான் ஒரு மாணவனை அடித்துவிட்டேன், காது கிழிந்துவிட்டது என்றேன். பதினான்காவது வாரம். தாளை அவள் முன்னால் வைத்தேன். இரண்டு முறை படித்தாள். ஆறா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். அந்த அண்ணாவின் காது கேட்கிறதா என்று கேட்டாள், கேட்கிறது என்றேன். பிறகு கடைசிக் கட்டத்தில் கம்பெனிக்குக் கீழே இருந்த காலி இடத்தைக் காட்டி, இதில் உனக்குத் தெரிந்ததை எழுது என்று சொன்னேன். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு குழந்தையின் முன்னால் அழுது காரியம் சாதிக்கிறேனோ என்று கூச்சமாகவும் இருந்தது.

அவள் பேனாவை எடுக்கவில்லை. மறுபடி வரவழைக்கும் முறை என்ற வரியின் மேல் விரலை வைத்தாள்.

"இது எனக்குக் கண்டுபிடிக்கவே முடியலம்மா. நானும் பார்த்தேன்."

என்ன பார்த்தாய் என்றேன்.

"போன வருஷம் ஒரு மாசம் நீ வர்றதுக்குள்ள வீட்டைத் துடைச்சு வச்சேன். அடுத்த மாசம் துடைக்கவே இல்ல. ஒரு மாசம் நல்லா மார்க் வாங்கினேன். ஒரு பரீட்சையில வேணும்னே குறைச்சு எழுதினேன். ஒரு மாசம் எதிர்த்துப் பேசினேன், ஒரு மாசம் வாயே திறக்கல. ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும்னு நீ போன்ல ஆபீஸ் ஆளுங்ககிட்ட கத்துவியே, அப்படித்தான் பண்ணேன். எதை மாத்தினாலும் ஒரே மாதிரிதான் அடி விழுந்துச்சு."

கணவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எதிரிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு வருடம் முழுவதும் என் பக்கத்து அறையில் ஒரு குழந்தை, எதைச் செய்தால் அம்மா அடிக்க மாட்டாள் என்று டெஸ்ட் செய்துகொண்டிருந்திருக்கிறாள். நான் அந்த மாதங்களில் கிரேன் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முதல்ல ரொம்ப அழுதேன்," என்றாள் மகள். "அப்புறம் ஒரு நாள் புரிஞ்சுது. என்ன பண்ணினாலும் ஒண்ணுதான்னா, தப்பு என்கிட்ட இல்ல. அன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன்."

அவள் வருவாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தாளை மடித்து என்னிடம் நீட்டினாள். கம்பெனிக்குக் கீழே இடம் காலியாகவே இருந்தது. வாங்கும்போது என் விரல் அவள் விரலில் படாமல் பார்த்துக்கொண்டேன்.